கேட்காமல் எடுத்த கல்

கோதண்டத்துக்கு விதி என்றால் உயிர். சாம்பாரில் உப்பில்லாவிட்டால் பொறுத்துக்கொள்வார். சங்கத்து விதிப் புத்தகத்தில் ஒன்று மீறப்பட்டால் மட்டும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்தகத்தை எழுதினவரே அவர்தான். தான் பெற்ற பிள்ளையை யாராவது தலையில் தட்டினால் சும்மா இருப்பார்களா?

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தாம்பரம் வட்டார நிலவியலாளர் சங்கம். மொத்தம் பதினாறு பேர். பூமிக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது, எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று படித்துச் சொல்கிறவர்கள். சிலர் அரசு அலுவலகத்தில், சிலர் கல்லூரியில், சிலர் சொந்தமாக. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடுவார்கள். கீழே இருபது மெஷின்கள் ஒன்றாகத் தட்டுகிற சத்தத்தில் மேலே பாதிப் பேச்சு காதில் விழாது. அதனாலேயே சண்டையும் குறைவு என்று தலைவர் பூவராகன் சொல்வார்.

செயலாளர் கோதண்டம் எழுதிய விதிகள் பதின்மூன்று. போர் போடுகிற லாரிக்காரனிடம் கமிஷன் வாங்கக் கூடாது. நேரில் போய் நிற்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இப்படியே போகும். அவருக்கு ரொம்பப் பிடித்தது ஏழாவது விதி: 'நிலத்துக்குரியவரையோ ஊராரையோ கேட்காமல் எந்தக் கல்லையும் உடைக்கலாகாது. ஆளில்லை என்பது அனுமதி ஆகாது.' அந்தக் கடைசி வரியைக் கூட்டத்தில் அவர் வாசிக்கும்போது குரலே ஒரு சுதி ஏறும்.

இந்த ஏழாவது விதியில் ஒருமுறை சிக்கினவர் தோத்தாத்ரி. கல்லூரி விரிவுரையாளர், பரம சாது. குன்றத்தூர் மலையடிவாரத்தில் யாரையும் கேட்காமல் இரண்டு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கோதண்டம் விடுவாரா? அந்த மனுஷனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, இரண்டு கல்லையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வைத்தார். பாவம், தோத்தாத்ரி அதற்குப் பிறகு நாலு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை.

இப்பேர்ப்பட்ட கோதண்டம்தான் 1987-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காரியத்தைச் செய்தார்.

அன்றைக்குச் சங்கத்தோடு கல் பார்க்கப் போயிருந்தார். ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி மேற்கே மூன்று மைல். ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நடந்தது அவர்களுக்குள் தீர்ந்துபோன விஷயம். மத்தியானம் எல்லாரும் புளியமரத்தடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கோதண்டத்துக்கு மட்டும் கால் நிற்கவில்லை. ஏரிக்கரையோரமாக நடந்தார். மதகுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு கல். பல்லாவரம் மலையில் இருக்கிற அதே ஜாதி, நீலம் ஓடிய கறுப்பு. அதன் வலப்பக்கத்துத் தோளில் மிளகு மிளகாகச் சிவப்பு மணிகள் பதிந்திருந்தன. முப்பது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்லைப் பார்த்தவர், அப்படி ஒன்றை அங்கே பார்த்ததே இல்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வேறு ஒரு ஈ, காக்காய் இல்லை. கல்மேல் பூவில்லை, பொட்டில்லை, சூலமில்லை. கை ஊறியது. சுத்தியலை எடுத்து நாலே அடி. சிவப்பு மணிகள் இருந்த இடம் அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. வந்த துண்டை இந்தப் படிப்புப் படித்தவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளமாட்டார்கள். வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் அவர்களுக்கு உதவாது. நாலு பக்கமும் தட்டித் தட்டி, ஓரங்களைச் சீராக்கி, சோப்புக்கட்டி மாதிரி ஆக்கித்தான் பைக்குள் போடுவார்கள். அவரும் அப்படியே செய்தார். உதிர்ந்த சில்லெல்லாம் புல்லில் போயிற்று. ஏழாவது விதி அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ!

பிப்ரவரிக் கூட்டத்தில் அந்தக் கல்லுக்குத்தான் ராஜமரியாதை. கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு மூலையை அறுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். மிச்சக் கல்லில் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு வைத்து, 67 என்று இந்தியன் இங்கில் எழுதி, சங்கத்துக் கண்ணாடி பீரோவில் நடுத்தட்டில் வைத்தாயிற்று. கேட்டுத்தான் எடுத்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கோதண்டத்தையா கேட்பார்கள்?

அந்த வருஷக் கோடையில் சென்னைக்கே தொண்டை வறண்டது. வண்டலூர் பக்கத்து ஊர்களில் கிணற்றிலெல்லாம் பாறை தெரிந்தது. சங்கம் ஊர் ஊராகப் போய் இலவசமாகக் கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்தது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, அதே ஏரிக்கரை ஊருக்கு முறை வந்தது. பூவராகன் தன் ஜீப்பில் மீட்டர் பெட்டியையும் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வரிசையாகக் கம்பிகளைத் தரையில் அடித்து, மின்சாரம் விட்டு, அடியில் ஈரம் எங்கே என்று கணக்குப் பார்க்கிற வேலை. கம்பி அடித்துக் கொடுக்க ஊர்க்காரர் ஒருவர் தானாக முன்வந்தார். குப்புராஜ், கல்குவாரியில் கல் உடைக்கிறவர், நாற்பத்தைந்து வயசிருக்கும். ஒரு தட்டில் கம்பி அரை அடி இறங்கியது. ஆனால் ஊரில் ஒருத்தரும் அவரிடம் பேசவில்லை. அவர் நின்ற பக்கம் யாரும் நிற்கவுமில்லை. கோதண்டம் அதைக் கவனித்தார், காரணம் புரியவில்லை.

வரிசை மதகுப் பக்கம் போனபோது ஓர் அம்மாள் கையை விரித்து மறித்தாள். தனம் என்று பேர். அம்மன் காரியமெல்லாம் அவள் வீட்டுப் பொறுப்பு.

"அந்தாண்ட செருப்போட போவாத சார். அம்மன் கீறா."

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார். இடுப்புயரக் கல். மஞ்சள் புடவை சுற்றியிருந்தது.

"இங்க... அம்மனா?" என்றார்.

"கன்னியம்மன் சார். வருசத்துல ஆடி ஒரு மாசந்தான் பொடவ கட்டுவோம், பூ வெப்போம். ஆடி முட்ஞ்சா எல்லாத்தையும் அவுத்து பொட்டில வெச்சுடுவோம். கன்னிப்பொண்ணாச்சே, ஏரிக்கரையில காத்து வாங்கிகினு இருக்கட்டும்னு பெரியவங்க உட்ட வயக்கம். இந்த வருசந்தான் காயம் பட்டுபூட்டா, தொறந்து போட மனசு வரல." தனம் தோள் பக்கத்துப் புடவையை லேசாக விலக்கினாள். "அவளுக்கு முத்து போட்ட எடம் சார் இது. செவப்பு செவப்பா இருக்கும். அத்தயே பாத்து அட்ச்சிகினு பூட்டான், படுபாவி."

புதுக்கல் தெரிந்தது. நாலு சுத்தியல் அடி. அடி ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் விழுந்தது என்று கோதண்டத்தின் கைக்குத் தெரியும். 

"யாரு... அடிச்சது?"

"வேற யாரு? சுத்தியலும் கையுமா டெய்லி இந்த வழியா போறவன் யாரோ அவந்தான்." குப்புராஜுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"நான் அடிக்கலக்கா," என்றார் குப்புராஜ். நூறு தடவை சொல்லி அலுத்த குரல் அது. தனம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் போன பிறகு குப்புராஜ் கோதண்டத்தின் பக்கத்தில் வந்தார். "சார், நீங்க கல்லு படிச்சவரு. நீங்களே சொல்லுங்க, இது கல்லொடைக்கிறவன் அடியா? நாங்க கல்லோட வரி பாப்போம், உளி வெப்போம், ஒரே போடு. இது கடிச்சுத் துப்புனா மாதிரி கீது. எவனோ வேல தெரியாத பேமானி அட்ச்சது. சொன்னா ஒருத்தரும் நம்பல."

பேமானி கேட்டுக்கொண்டு நின்றார்.

"தை மாசத்துலேர்ந்து இப்பிடித்தான் சார். எங்க வூட்டுக்காரி கெணத்தாண்ட போனா மத்த பொம்பளைங்க கொடத்த எட்த்துகினு நவுந்துடுறாங்க. அந்த அம்மன் பேரத்தான் எம் பொண்ணுக்கு வெச்சிருக்கேன். கன்னியம்மா. நானா சார் அவ மேல சுத்தியலப் போடுவேன்?" துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு கொளப்பாக்கத்துல ஒரு எடம் வந்துகீது. நல்ல பையன். ஊர்ல இப்பிடி பேரு கீதேன்னு தயங்குறாங்க. ஆடி பொறந்தா கல்யாணப் பேச்சு பேசமாட்டாங்க. ஊர்ல இன்னா சொல்றாங்கன்னா, ஒத்துக்கினு அம்மன் கால்ல வுயு, மன்னிச்சி சேத்துக்கிறோம்றாங்க. வர்ற ஞாயித்துக்கெயம வுயுந்துடப் போறேன்."

"செய்யாததையா?"

"இன்னா பண்றது சார்? நான் யோக்கியன்னு சொல்லிகினே இருந்தா பொண்ணு வூட்டோட நின்னுபூடும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.  சுற்றிலும் ஊர் ஜனம். பூவராகன் அந்தப் பக்கம் பெட்டியில் முள்ளைப் பார்த்து எண்களைக் கத்திக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்களை எழுதுகிறேன் என்று கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை நினைத்து அப்புறம் அவர் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலை அடுக்களையில் சரளா காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கீங்க. என்ன, தண்ணி வரலையா அந்த ஊர்ல?"

சொன்னார். ஆடு மேய்ந்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். சரளாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"நல்லா இருக்கே! ஊருக்கு உபதேசமா? அந்தத் தோத்தாத்ரி சாரை என்ன பாடு படுத்தினீங்க!" என்றவள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டவ்வை அணைத்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்தது இரண்டாவது தடவை. முதல் தடவை அவர் அம்மா போனபோது.

"அந்த ஆள் என்னை நம்பி, நீங்க படிச்சவர் சொல்லுங்கன்னு கேட்டான் சரளா. நான் நோட்டுல நம்பரை எழுதிட்டு நிக்கிறேன்."

"பயமா இருந்துதா?"

"இருந்துது. இப்பவும் இருக்கு."

"அடிப்பாங்களா?"

"அடிச்சாலும் அடிப்பாங்க. அவங்க சாமி."

சரளா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவர் விரல்மேல் தன் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "சரி, பழைய சட்டையா போட்டுட்டுப் போங்க," என்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது அவருக்கு.

பூவராகனிடம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. இருவரும் காலேஜில் ஒரே பெஞ்சு.

"டேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஜீப்பைக் கொளுத்துவாங்கடா. சங்கத்துப் பேரு நாறிடும். இனிமே எந்த ஊர்ல நம்மைக் கம்பி அடிக்க விடுவான்? நான் சொல்றதைக் கேளு. மாமல்லபுரத்துல சொல்லி அழகா ஒரு கன்னியம்மன் சிலை அடிச்சு, சங்கத்து சார்பா குடுத்துடலாம். மாலை போட்டுக் கும்பிடுவாங்க."

"சிலை வந்துடும் பூவராகா. குப்புராஜ் உடைச்சவனாவேதான் இருப்பான்."

"யாருடா குப்புராஜ்?"

"நமக்குக் கம்பி அடிச்சுக் குடுத்தானே, அவன்."

பூவராகன் சாவியை எடுத்தார். "நாசமாப் போ," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார்.

சனிக்கிழமை அவசரக் கூட்டம். விதிப்படி புகார் எழுத்தில் இருக்கவேண்டும், எழுதியிருந்தார். விதிப்படி விசாரணைக் குழுவைக் கூட்டவேண்டியவர் செயலாளர், கூட்டியிருந்தார். புகார் கொடுத்தவர் கோதண்டம், புகாருக்கு ஆளானவர் கோதண்டம், விசாரிக்க அழைத்தவரும் கோதண்டம். தன் மேல் தானே கொடுத்த புகாரை நின்றபடி வாசித்தார். ஏழாம் விதியின் கடைசி வரி வந்தபோது சுதி ஏறவில்லை. வாசித்து முடித்து, செயலாளர் நாற்காலிக்குப் போகாமல் சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.  கீழே டைப்ரைட்டர்கள் பொரிந்துகொண்டிருந்தன. கடைசியில் தோத்தாத்ரி எழுந்தார். கோதண்டம் மடியில் கையைக் கோத்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், நியாயம்தான் என்று தோன்றியது அவருக்கு.

"அன்னிக்கு என்னை லெட்டர் எழுத வெச்சப்போ உங்க மேல எனக்கு அவ்வளவு கோபம் சார்," என்றார் தோத்தாத்ரி. "இவருக்கு வந்தா தெரியும்னு மனசுல சபிச்சேன். இப்ப வந்திருக்கு. எனக்குச் சந்தோஷமே வரலை." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷம் சங்கத்திலேர்ந்து விலக்கி வைக்கலாம்னு சொல்றேன். கல்லு உரியவங்ககிட்டத் திரும்பப் போகணும்."

"விதிப்படி பொறுப்புல இருக்கிறவர் மீறினா ரெண்டு வருஷம்," என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"சார், தண்டனையிலயும் நீங்களே திருத்தம் போடாதீங்க. சும்மா இருங்க!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோதண்டம்கூடச் சிரித்தார். இரண்டு வருஷம் என்றே தீர்மானம் ஆயிற்று. பூவராகன் பீரோவைத் திறந்து 67-ஐயும் கண்ணாடிச் சில்லையும் எடுத்து ஒரு புதுத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"காலைல ஏழு மணிக்கு ரெடியா இரு," என்றார்.

"நான் ரயில்ல போயிக்கிறேன். ஜீப்பைக் கொளுத்துவாங்கன்னியே."

"தனியாப் போய் அடி வாங்கவா? பேசாம ஏறுடா."

சினிமாவில் வருகிற மாதிரி கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய் நிறுத்து என்று கத்தினார்கள் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியில்லை. ஊர் கூட ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மதகடியில் குப்புராஜ் மட்டும் உட்கார்ந்திருந்தார். குளித்து, ஈர வேட்டியோடு, கற்பூரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"கெணத்துக்கு எடம் குறிக்க வந்தீங்களா சார்? இன்னிக்கு ஊர்ல ஒரு பேஜாரு கீது. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

கோதண்டம் துண்டைப் பிரித்தார். கையில் வைத்து நீட்டினார். சிவப்பு மணிகளைப் பார்த்ததும் குப்புராஜுக்கு முகம் மாறிவிட்டது.

"எடுத்தது நான்," என்றார் கோதண்டம். "தை மாசத்துல. சாமின்னு தெரியலை. கேக்கவும் இல்லை. போன வாரம் நீங்க என்கிட்டச் சொன்னப்பவே எனக்குத் தெரியும். வாயைத் திறக்க தைரியம் வரலை. உங்களுக்கு நான் செஞ்சது பெரிய பாவம். மன்னிச்சுக்கங்கன்னு கேக்கவே கூசுது."

குப்புராஜ் கல்லை வாங்கிக்கொள்ளவுமில்லை, கையை ஓங்கவுமில்லை. அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஏரியில் தண்ணீரில்லை, வெடித்த சேறுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோதண்டத்துக்கு அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"ஊர்ல சொன்னதுகூட பரவால்ல சார்," என்றார் கடைசியில். "நாலு நாளு முன்ன எம் பொண்ணு சோறு போட்டுகினே கேட்டா. நெசமாவே நீ அடிக்கலயாப்பா, என்னாண்ட மட்டும் சொல்லுன்னா. அவளுக்கே டவுட்டு வந்துபூட்ச்சு சார்." கையை வீட்டுப் பக்கம் நீட்டினார். "ஊராண்ட அப்பறம் சொல்லுங்க. மொதல்ல அவளாண்ட சொல்லுங்க."

கோதண்டம் குப்புராஜின் வீட்டு வாசலுக்குப் போனார். இருபது வயசுப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணிடம், நின்ற இடத்தில் நின்று, எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னார். கன்னியம்மா கதவை விட்டாள். உள்ளே போய்விட்டாள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

ஊர் கூடியதும் மூன்றாவது முறை. சொல்லி முடிக்கவில்லை, கூட்டம் பொங்கிவிட்டது. ஒருவன் கட்டையோடு முன்னால் வந்தான். பூவராகன் நடுவில் போய் நின்றார், பூவராகனுக்கும் முன்னால் போய் நின்றார் குப்புராஜ்.

"யாரும் மேல கை வெக்கக் கூடாது. ஆறு மாசம் பழி சொமந்தவன் நானு. நானே சொம்மா கீறேன்ல?"

கட்டை கீழே இறங்கியது. தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கோதண்டத்தைப் பார்த்தவள், "படிச்சவன்தான நீ? ஒரு வார்த்த கேட்டிருந்தா எங்க வூட்டு வாசக்கல்ல பேத்து குட்த்திருப்பமே," என்றாள். கோதண்டம் கை கூப்பி நின்றார். கல்லையும் கண்ணாடிச் சில்லையும் அவளிடம் கொடுத்தார். சில்லைத் திருப்பிப் பார்த்து, "இது இன்னாது?" என்றாள்.

"அதுவும் அவளோடதுதான்மா. ஒரு மூலையை அறுத்துட்டேன்."

அவள் அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு குப்புராஜ் பக்கம் திரும்பினாள். "தம்பி, என் நாக்கு அவிஞ்சு போவ," என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே மன்னிக்க முடியுமா? ஆறு மாதம் என்ன ஆறு நிமிஷமா?

முத்துப் பதிந்த கல் அம்மன் மேலேயே ஏறவேண்டும் என்றார்கள். தனம் அந்தக் கல்லைக் காயத்தில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. கோதண்டம்தான் நாலு பக்கமும் தட்டிச் சீராக்கிவிட்டாரே, எப்படி நிற்கும்? ஊரே குப்புராஜைப் பார்த்தது.

"உளி வெச்சு கொஞ்சம் குழி எட்த்தாதான் உக்காரும்," என்றார் அவர்.

"அப்ப எடு ராஜு," என்றார்கள்.

"நானா?" குப்புராஜ் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "அம்மனை அட்ச்சவன், அட்ச்சவன்னு சொல்லி ஆறு மாசம் என்னைத் தள்ளி வெச்சீங்க. இப்ப என்னையே அடின்றீங்களா? வேற ஆளப் பாருங்க. அவ மேல என் சுத்தியல் படாது."

 அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா வந்தாள். கையில் அப்பாவின் சாக்குப்பை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதிலிருந்து சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்து அவர் இரண்டு கையிலும் வைத்து, விரல்களை மூடினாள்.

"உன்னைக் கேட்டுட்டேம்பா," என்றாள். "கேட்டிருக்கக் கூடாது."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீயே அடிப்பா. உங்கையால அட்ச்சா அவளுக்கு வலிக்காது."

குப்புராஜ் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கல்லுக்கு முன்னால் மண்டியிட்டார். தனம் மஞ்சள் புடவையைத் தோளிலிருந்து விலக்கிப் பிடித்தாள். குப்புராஜ் உளியைக் காயத்தின் ஓரத்தில் வைத்து, கல்லின் வரியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பார்த்து முடித்து, அடிக்கலாமா என்று மகளை நிமிர்ந்து பார்த்தார். கன்னியம்மா சரி என்று தலையசைத்த பிறகுதான் சுத்தியலைத் தூக்கினார்.